திரையில் வரைந்த இதயம்

நோட்டே வாங்காமல் காலேஜ் படித்தவன் என் அண்ணன். பன்னிரண்டாம் வகுப்பில் இலவசமாக ஒரு லேப்டாப் கிடைத்தது. அன்றிலிருந்து பேனாவைத் தொடுவதைக் கேவலமாக நினைத்தான். ரைஸ்மில்லில் வேலை பார்த்த எங்கள் நைனா, "இன்னாடா, ஒரு நோட்டுகூட கண்ணுல காட்ட மாட்டேங்கிற?" என்று கேட்டால், "எல்லா நோட்ஸும் டயகிராமும் இதுலதான் இருக்குது நைனா. இப்ப யாரு கையால எழுதறாங்க?" என்பான். நைனாவுக்கு அதைத் திறக்கவே தெரியாது. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. சயின்ஸ் நோட்டில் இதயம் வரைந்து வரச் சொல்லியிருந்தார் டீச்சர். மூன்று முறை வரைந்தேன், மூன்றும் கத்தரிக்காயாகவே வந்தன. அன்று அமாவாசை. பரீட்சை நெருங்கியதால் அண்ணனை அம்மா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நைனா மில்லில் இருந்தார்.

தொடவே கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். எனக்காக அவன் இறக்கி வைத்திருந்த இதயப் படத்தைத் திரையில் வரவழைத்து, அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்தேன். வெளிச்சத்தில் ரத்தக் குழாய்கள் எல்லாம் தாளில் தெரிந்தன. வேலை இவ்வளவு சுலபமா என்று பென்சிலை ஓட்டினேன். மேலே இருக்கும் பெரிய குழாய்க்கு மட்டும் கோடு சரியாக விழவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். ஏதோ நெரிபடும் சத்தம் கேட்டது. தாளை எடுத்துப் பார்த்தால் திரைக்குள் கறுப்பாக ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மை கொட்டியதுபோலப் பரவியது.

முதலில் ரப்பரால் அழித்துப் பார்த்தேன். நனைந்த செல்போனை அரிசியில் போட்டு வைப்பார்களே என்ற ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. லேப்டாப்பை அப்படியே மூட்டைக்குள் சொருகினேன். எடுத்துப் பார்த்தபோது கறுப்பு பாதித் திரைக்கு வந்திருந்தது.

நைனா அடிப்பார் என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அண்ணன் இரண்டு வருஷம் எழுதிய நோட்ஸெல்லாம் அதற்குள் கரைந்துகொண்டிருக்கிறது, அவன் ஃபெயிலாகி மில்லில் மூட்டை தூக்கப் போகிறான், எல்லாம் என்னால் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து அதைத் திறந்தான். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையைப் பார்த்தான். கீபோர்டு இடுக்கில் கிடந்த அரிசியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கத்தவில்லை. நைனா வந்ததும் மெதுவாக, "தானா போயிடுச்சு நைனா. நோட்ஸெல்லாம் இதுலதான் இருந்துச்சு. இந்த தடவ பாஸாவறது கஷ்டம்தான்" என்றான். நைனா லேப்டாப்பைத்தான் திட்டினார். அண்ணனைத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அண்ணன் எனக்குப் பரோட்டா வாங்கி வந்தான். வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிறான் என்று எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ரிசல்ட் வந்தபோது மூன்று பேப்பர் போயிருந்தது. அப்போதும் அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் போனது.

பிறகு ஒருநாள் பஜாரில் கொடுத்துத் திரையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் பயந்துகொண்டே திறந்தேன். அவன் வைத்திருந்த சினிமாப் படங்கள் ஒன்றுகூடக் கெடாமல் வரிசையாக இருந்தன. 'நோட்ஸ்' என்று பெயர் போட்டிருந்த ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். பென்சிலால் அழுத்தியது நான்தான், நோட்ஸ் மொத்தமும் அழிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் முகம் வெளுத்துப் போனது. வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"நைனாகிட்ட இத சொல்லிடாத பாப்பா. நானும் சொல்ல மாட்டேன்" என்றான்.

அவன் குரல் நடுங்கியது. என்மேல் வந்த கோபத்தை அடக்கிக்கொள்கிறான் என்று நினைத்தேன். தன் படிப்பையே அழித்த தங்கையைக் காட்டிக்கொடுக்காத அண்ணன் வேறு யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்து நினைத்து அன்றெல்லாம் அழுதேன்.