மூன்றாவது சைலன்சரின் சத்தம்

போன கிழமை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள தேத்தண்ணிக் கடையில் நின்றேன். பக்கத்து மேசையில் ஒரு பெடியன். வாசலில் அவனுடைய பெரிய பைக், இரண்டு பக்கமும் பெட்டி பூட்டி, முன்னுக்கு உயரமான கண்ணாடி வைத்து, நாளைக்கே யாழ்ப்பாணம் போகப்போவது போல நின்றது. அவன் ஃபோனைக் காதோடு வைத்திருந்தான். யாருடனோ கதைக்கிறான் என்று நினைத்தேன். கதைக்கவில்லை, சைலன்சர் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றைக் கேட்பான், விரலால் தள்ளுவான், அடுத்ததைக் கேட்பான். வாங்கிய வடை தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது.

நான் அளவுக்கு மிஞ்சிப் பார்த்துவிட்டேன் போல. ஃபோனை என் பக்கம் நீட்டினான். "அங்கிள், இதையும் இதையும் கேளுங்கோ. லோங் ட்ரிப்புக்கு எது நல்லம்?"

கேட்டேன். முதலாவது கடைத்தெருவில் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கிற சத்தம். அதைப் பூட்டிக்கொண்டு புத்தளம் தாண்டுவதற்குள் தலை இடிக்கத் தொடங்கும். இரண்டாவது நல்லது, ஆனால் குழாய் போகிற விதத்துக்குப் பெட்டியின் அடி உருகும். எல்லாம் எனக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நடக்கும்போது காது இரண்டும் சுட்டன. உங்களுக்குச் சொல்லலாம், நீங்கள் சிரித்தால் பரவாயில்லை. நான் ஒரு காலத்தில் வாயால் சைலன்சர் சத்தம் போட்டுச் சம்பளம் வாங்கியவன்.

புதுச் சைலன்சர் முதல் தடவை சூடாகும்போது ஒரு மணம் வரும். உள்ளே பூசிய எண்ணெயும் வெளியே ஒட்டியிருந்த பசையும் சேர்ந்து எரிகிற மணம், கருகிய கச்சான் கடலை போல. அது எங்கே அடித்தாலும் எனக்குக் கொட்டாஞ்சேனையும் நியாஸ் நானாவின் கடையும் வந்துவிடும். அகலம் குறைந்த, நீளமான கடை. மீன்கடையில் பாரைகள் தொங்குவது போல மேலே வரிசையாகச் சைலன்சர்கள் தொங்கும். உயரமானவர்கள் உள்ளே வரும்போது நானா "சேர், தல, தல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படியும் தினமும் யாராவது ஒருவர் இடித்துக்கொள்வார்.

நானாவிடம் ஒரு சட்டம் இருந்தது. காசு கொடுக்கும் முன் எதையும் பூட்டிப் பார்க்க விடமாட்டார். "சூடு பட்டா குழாய்ல நீலம் விழுந்துரும் சேர். பொறகு அத ஆரு புதுசுண்டு எடுக்கிற?" என்பார். அது உண்மைதான். ஆனால் சைலன்சர் வாங்க வருகிறவன் வாங்குவது குழாயை அல்ல, சத்தத்தை. கேட்காமல் எப்படித் தெரிவுசெய்வது? அங்கேதான் நான் வந்தேன்.

அந்த வித்தை வந்த கதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, வதனி அக்கா, நான், இரண்டு கட்டில். விளையாடச் சாமான் இல்லை, வெளியே போகவும் விடமாட்டார்கள். ஜன்னலில் ஏறி நின்றால் காலி வீதி தெரியும். அதில் போகிற எல்லாவற்றையும் நான் வாயால் ஓட்டினேன். பஸ், லொறி, த்ரீவீல், பைக். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டுவார். அப்பா "வாயை மூடடா" என்பார். அக்கா மட்டும் போர்வைக்குள் இருந்தபடி, "இப்ப ஒரு பைக் நிப்பாட்டாமப் போகட்டும்" என்று கேட்பாள். நான் போக விடுவேன், தெஹிவளைப் பக்கம் தேய்ந்து மறையும் வரைக்கும்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை எழுதினேன், கணக்கில் விழுந்தேன், திரும்ப எழுதினேன், திரும்ப விழுந்தேன். கொச்சிக்கடையில் மூட்டை ஏற்றினேன். ஃபோட்டோக் கொப்பிக் கடையில் நின்றேன். இருபது தாண்டியபோது நியாஸ் நானாவிடம் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், "அப்ப இது எப்பிடிச் சத்தம் வரும்?" என்று நானாவைப் போட்டுக் குடைந்தார். நான் தும்புத்தடியைப் பிடித்தபடி செய்து காட்டினேன். அவர் அதையே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குப் பின்னேரமே தும்புத்தடி வேறொருவன் கைக்குப் போனது.

நான் கெட்டிக்காரன் என்றுதான் சொல்லவேண்டும். ஸ்டார்ட் பண்ணி நிற்கிற சத்தம், கியர் மாற்றிப் போகிற சத்தம், திரொட்டிலை விட்டதும் குழாய்க்குள் வெடிக்கிற பொட் பொட், எல்லாம் வேறு வேறாக வரும். முன்பற்களில் கீழுதட்டை வைத்து வயிற்றிலிருந்து காற்றை விடவேண்டும். தூரம் ஓடுகிறவர்களை நான் தனியாகக் கவனிப்பேன். பின்னுக்கு ஆள் ஏறுவாரா, சேலையா ஜீன்ஸா, பெட்டி பூட்டுவீர்களா என்றெல்லாம் கேட்பேன். "சேர், ஊருக்குள்ள ஓடுறதுக்கு எண்டா சத்தம் மற்றவைக்கு. தூரம் ஓடுறதுக்கு எண்டா சத்தம் உங்களுக்கு" என்பேன். அந்த வசனத்தை நானாவும் பிறகு தன்னுடையதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கண்ணாடி போட்ட ஒருவர் நானூறு சீசீ பைக் ஒன்றில் வந்தார். நம்முடைய ஊர் ஆள், கதைக்கிற விதத்தில் தெரிந்தது. ஒரு பின்னேரம் முழுக்க என்னோடு நின்றார். முதலாவது கூர்மையாக இருக்கிறது என்றார். இரண்டாவது சண்டைக்குப் போகிறது போல இருக்கிறதாம். மூன்றாவதைச் செய்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நீளமான, உள்ளே பஞ்சு அடைத்த குழாய் அது. பூட்டிய அறைக்குள் இருந்து ஒருவன் மத்தளத்தை மெல்லத் தட்டுகிற சத்தம்.

"தம்பி, மூண்டாவதை இன்னொருக்காச் செய்யும்."

செய்தேன்.

"இன்னொருக்கா."

"சேர், இவன் பெற்றோல்ல ஓடுறல்ல, ப்ளேன்டீலதான் ஓடுற. ஒண்டு வாங்கிக் குடுங்க" என்றார் நானா. அவர் வாங்கிக் கொடுத்தார், மூன்றாவதைப் பூட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

வீட்டில் இது ஒன்றும் தெரியாது. நான் கம்பனி ஒன்றில் சேல்ஸ் எக்சிகியூட்டிவ் என்று அப்பா எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். அது அவர் கட்டிய பொய். எனக்கும் பிடித்திருந்தபடியால் நான் திருத்தவில்லை. அக்காவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒன்றில் சாதகத்தில், இல்லாவிட்டால் சீதனத்தில் நின்றுபோயின. அந்த நேரத்தில்தான் தரகர் ஒரு பொறியியலாளரின் சாதகத்தோடு வந்தார். பெயர் சுதர்சன், தாயும் மகனும் மட்டும், சீதனம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. படத்தைப் பார்த்த அன்றைக்கு அக்கா வழக்கமாகச் சொல்கிற "உங்கட விருப்பம்" என்பதைச் சொல்லவில்லை. படத்தைத் திரும்ப வாங்கி இன்னொருமுறை பார்த்தாள். அம்மா அதைக் கண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். படத்தில் அவருக்குக் கண்ணாடி இல்லை. எனக்கு ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு அறைக்குள் போனேன். கண்ணாடியோடு மாப்பிள்ளை நிமிர்ந்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"அட, இது எங்கட சைலன்சர் தம்பியெல்லோ."

அவரில் ஒரு பிழையும் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். தாயின் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் சொன்னனான் எல்லே, கொட்டாஞ்சேனையில ஒரு பெடியன் வாயால செய்து காட்டுறவன் எண்டு. இவர்தான். தம்பி, அம்மாவுக்கு அந்த மூண்டாவதை ஒருக்காச் செய்து காட்டும்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பயித்தம் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்யமாட்டேன் என்றால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை, செய்தால் எக்சிகியூட்டிவ் போய்விடும். நான் அக்காவைப் பார்த்தேன். கதவருகில் நின்ற அவள் மிக இலேசாகத் தலையை அசைத்தாள். செய் என்றாளா, வேண்டாம் என்றாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தட்டைக் கையில் பிடித்தபடியே செய்தேன். தட்டிலிருந்த கரண்டியும் சேர்ந்து கிணுகிணுத்தது. உண்மையைச் சொன்னால், அதைப்போல நன்றாக நான் கடையில்கூடச் செய்ததில்லை.

சுதர்சன் கைதட்டினார். தாய் லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பிக்கு இதுதான் வேலையோ?"

நான்தான் "ஓம்" என்றேன். "நல்லம்" என்றார் அவர். பிறகு தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்பதைப் பற்றிக் கதை போனது.

சில நாட்கள் கழித்துத் தரகர், சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். பொருத்தம் பார்த்த பிறகுதான் அவர்கள் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. அப்பா கூடச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஒருமுறை சுதர்சன் கடைக்கு வந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். "சத்தம் குறைஞ்ச ஒண்டு இருந்தா மாத்தித் தாங்கோ நானா" என்றார்.

"மல்லி, சேருக்குச் செய்து காட்டு" என்றார் நானா. தம்பி என்ற அர்த்தத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"வேண்டாம் நானா, தேவையில்லை. அதைத் தாங்கோ" என்று கையில் அகப்பட்டதைக் காட்டினார். அத்தனை தரம் கேட்டு வாங்கிய மனிதர், சத்தம் கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது மேலே தொங்கியதில் தலையை இடித்துக்கொண்டார். நானா "தல" என்று சொல்ல மறந்துவிட்டார்.

அந்தக் கிழமை ஒருநாள் அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"டேய், அந்த மூண்டாவதை ஒருக்காச் செய்யன்."

"ஏன்?"

"சும்மா. வாசலுக்கு வந்து நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு கேக்கத்தான்."

"தொண்டை சரியில்லை" என்றேன்.

அவள் திரும்பக் கேட்கவில்லை. நான் மாதம் முடியக் கடையை விட்டுவிட்டேன். நானா காரணம் கேட்டார், வெளிநாட்டு அலுவல் என்றேன். பிறகு அது உண்மையாகவே வந்தது. கட்டாரில் சாரம் கட்டுகிற வேலை. ஒருநாள் மேலேயிருந்து ஒரு குழாய் நழுவி என் வாயில் பட்டது. குழாய்தான், பாருங்கள். முன்பற்கள் போயின. இரண்டு நாள் லீவு தந்தார்கள்.

இப்போது நானா இல்லை. கடை இருந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அக்காவும் நானும்தான், ரயில் பாதைப் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட்டில். அவளுக்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை. காரணங்கள் பல இருந்தன. முதலாவது எது என்று நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்த அன்று பல்கனியில் நின்றேன். அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒருவருக்கும் கேட்காது என்று நினைத்து, கட்டின பல்லில் உதட்டை வைத்து மூன்றாவதைச் செய்து பார்த்தேன். மத்தளம் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்தால் பிடிபடும் என்று விடாமல் ஊதினேன். ரயில் நான் நினைத்ததைவிடச் சின்ன ரயில். அது போய்விட்டது, நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

"டேய், என்னவோ சீறுது" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "காஸ் லீக்கோ பார்."

நான் ஊதுவதை நிறுத்தினேன். அவளே சிலிண்டரடியில் குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, குமிழைத் திருகி மூடினாள்.