எட்டாவது சிவப்பு

வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஓராண்டுகூட ஆகவில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு ஒரு வேலை வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரத்தசோகை எந்த அளவில் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் அளக்க ஒரு குழு வந்திருந்தது. அதிலிருந்த டாக்டரம்மா சீனர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையிலேயே அண்ணனின் சைக்கிளில் போய் நின்றுவிட்டேன்.

அளக்கும் முறை எளிது. விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மையொற்றும் தாளைப் போன்ற ஒரு தாளில் எடுக்க வேண்டும். ஈரப் பளபளப்பு போனதும், முழுக்கக் காய்வதற்குள், பகல் வெளிச்சத்தில் ஒரு சின்னப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். வெளிறிய ரோஜா நிறத்தில் தொடங்கி அடர்ந்த சிவப்பு வரை அதில் பத்துப் பட்டைகள். எட்டாவது சிவப்பு வந்தால் கவலையில்லை. குறைந்தவர்களுக்குப் பச்சைப் பூச்சுப் பூசிய இரும்பு மாத்திரை ஒரு டப்பா.

பழகிக்கொள்வதற்காக முதலில் அம்மாவின் விரலைத்தான் குத்தினேன். நாலு. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

நர்சுகளைப் போல என்னையும் 'மிஸி' என்று கூப்பிட்ட பெண்கள் ஊசியைக் கண்டதும் அடுப்படிக்கு ஓடினார்கள். நான் விடுவேனா? "மொதல்ல என் விரலு, அப்புறம் உங்க விரலு" என்று வீட்டுக்கு வீடு என்னையே குத்திக் காட்டினேன். டாக்டரம்மா தடுத்தது காதில் ஏறவில்லை. அந்தச் சொட்டுகளை நான் ஒப்பிட்டுப் பார்த்ததும் இல்லை. எனக்கு என்ன குறை என்ற நினைப்பு. செங் ஊர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியிருந்த ஒரு அக்கா, இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இருந்தவள், புத்தகத்தைப் பிடுங்கித் தானே பார்த்தாள்.

"மிஸி, எனக்கு ஆறு. உனக்கு அஞ்சு. நீதான்லா மொதல்ல மாத்திர திங்கணும்!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். படியிறங்கும்போதுதான் பயிற்சி நினைவு வந்தது. சிங்கப்பூரில் ரத்தப் பரிசோதனைக்கூடப் பயிற்சிக்கு டாக்டரம்மா எனக்காக எழுதிப் போட்டிருந்தார். இரண்டு வருஷம், விடுதியோடு. உடல் தகுதிச் சான்று கேட்பார்கள். ஐந்தாம் பட்டைக்காரியை யார் சேர்ப்பார்கள்?

"சான்றுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. தினம் சாப்பிடு, ஏறிடும்" என்று டாக்டரம்மா இங்கிலீஷில் சொல்லி ஒரு டப்பாவை என் பையில் போட்டார்.

அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். வயிற்றுக்குள் கறுத்தது தோலுக்கு வராதா என்று பெண்களுக்குப் பயம். பிள்ளைத்தாய்ச்சிகள் சிசு கறுத்துவிடும் என்று கோழிக்கு வீசினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கினேன், பலர் கேட்டும் கொண்டார்கள். என் வீட்டில்தான் என் பேச்சு எடுபடவில்லை.

"போன வருஷத்துக்கு நீ எவ்வளவு வெளுத்திருக்கே தெரியுமா?" என்றாள் அம்மா. "அந்த நிறத்தைக் கேள்விப்பட்டுத்தான் புக்கிட் ரம்பாய்க்காரங்க பொண்ணு பார்க்க வர்றாங்க. கண்டதைத் தின்னு கரிச்சட்டி ஆகிடாதே."

"அது நிறம் இல்லம்மா. சோகை."

"மெதுவாப் பேசுடி. பக்கத்து வீட்டுல கேட்கும்."

மறுநாள் டப்பா காணோம். ஊரெல்லாம் விரலைக் குத்திக் காட்டியது அப்பா காதுக்கும் எட்டியது. "இருக்கிற ரத்தத்தையும் தெருத் தெருவா, சடக்கு சடக்கா சிந்திட்டு வரியா? போதும்." வேலை நின்றது, சைக்கிள் அண்ணனிடம் போனது. கடைக்குக்கூட அம்மாவோடுதான். குழுவின் வேன் தெருவில் போவதை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்ப்பேன். அடிக்கடி கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பார்ப்பேன், அதே வெளிறல். அப்பாவும் அண்ணனும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மாவும் நானும் உட்காருவோம். சட்டியில் மீன் இருக்காது, குழம்பு இருக்கும். ரத்தம் ஊறட்டும் என்று கங்கோங் கீரையைக் கேட்டு வாங்கித் தின்றேன். நாள் மட்டும் ஓடியது.

இரண்டு மாதம் முடியும் தறுவாயில் எங்கள் வரிசை வீடுகளின் முறை வந்தது. அரசாங்கத்து ஆளை வாசலிலேயே நிறுத்த அப்பாவுக்குத் தைரியம் இல்லை. டாக்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முதலில் அம்மாவின் விரலைப் பிடித்தார்.

எட்டு.

அம்மாவுக்கு நாலு என்று நான் முன்பு சொல்லியிருந்ததால், இன்னொரு தாள் எடுத்து மறுபடி பார்த்தார். எட்டேதான். "மாத்திரை சாப்பிட்டாங்களா, கேள்" என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"தூக்கிப் போடத்தான் எடுத்தேன். மனசு வரல. ஒண்ணு போட்டுப் பார்த்தேன். ரெண்டு வாரத்துல தண்ணி வாளி தூக்கினா மூச்சு வாங்கல. விடியல்ல தலை சுத்தல. அப்புறம் எப்படி நிறுத்த? என்னைப் பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க?"

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டரம்மா. அதையும் நான்தான் இங்கிலீஷில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.

பிறகு என் விரல். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கேயோ. டாக்டரம்மா தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தாளைக் கொஞ்சம் காயவிட்டால் நிறம் அடர்ந்து தெரியும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஆறுன்னு எழுதுங்க" என்றேன். எழுதினார். சிங்கப்பூரைப் பற்றி இருவரும் பேசவில்லை. போகும்போது மேசையில் ஒரு புது டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

"அம்மா, நீ ஒரு டப்பா முழுக்கத் தின்னிருக்கே. கறுத்தியா?"

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பொறந்ததுலேர்ந்தே கறுப்பு. எனக்கு எப்படித் தெரியும்?"

டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை அவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே எடுத்துத் தர்றேன்."