நிழலூர்க்காரி

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணவர் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி நாற்காலியில் உட்கார வேண்டியதுதான், எழுதிய தாள்களோடு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள் நிழலூர்க்காரி. வாசிக்கும்போது ஒரு கண் தாளில், ஒரு கண் அவர் பாதத்தில். பயத்தில் பாதங்கள் தரையை விட்டு எழும்பி நாற்காலிமேல் ஏறிக்கொண்டால் அத்தியாயம் தேறியது. ஏறவில்லையென்றால் நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவாள். பதினொரு வருஷமாக, ஆறு பேய்க்கதைப் புத்தகத்துக்கும் இதுதான் பரீட்சை. வேறு யார் புகழ்ந்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படிப் பயப்படுகிற மனுஷர் என்ன வேலை பார்க்கிறார் என்கிறீர்கள்? லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் குழியில் ஒரு டார்ச் விளக்கோடு தனியாக இறங்குகிறவர். நிஜ இருட்டு அவரை ஒன்றும் செய்யாது. பெண்டாட்டி எழுதுகிற இருட்டுக்குத்தான் பயப்படுவார்.

நிழலூர் அவளே கதைக்குள் கட்டிய ஊர். வற்றிப்போன ஏரிக்கு அடியில் இருக்கிறது. அங்கே தாழ்ப்பாளெல்லாம் கதவுக்கு வெளிப்பக்கம். முதல் கவளத்தை நிழலுக்கு வைத்துவிட்டுத்தான் மனுஷர்கள் சாப்பிட வேண்டும். மறந்தால் போச்சு, நிழல் குதிகாலிலிருந்து கடிக்கத் தொடங்கும். எந்த வீட்டுக்கு எத்தனை படி, எந்தக் கிணற்றில் யார் கிடக்கிறார் என்பதெல்லாம் கோடுபோட்ட நோட்டில் இருக்கிறது.

நேரில் பார்த்தால் இவளா அவள் என்றிருக்கும். கறிக்கடையில் நின்று, "ஏன் தம்பி, ரத்தம் கறுத்துப்போக எவ்ளோ நேரமாகும்?" என்று விலை கேட்பதுபோலக் கேட்பாள். தண்ணீரை நிறுத்தி வம்பு செய்த குடியிருப்புச் செயலாளரை நாலாவது புத்தகத்தில் கிணற்றில் தள்ளினாள். மனுஷர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், பத்துப் பிரதி வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து, "நூத்தி நாப்பதாம் பக்கத்துல சாகறது நான்தான்" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

ஏழாவதுதான் கடைசிப் புத்தகம். அதன் கடைசி அத்தியாயத்தில்தான் வந்தது வினை. மூன்று தடவை எழுதினாள், மூன்று தடவை வாசித்தாள். பாதம் தரையோடு தரையாகக் கிடந்தது. "நல்லா இருக்கும்மா" என்றார் அவர். நல்லா இருப்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மூன்றையும் கிழித்தாள். தன்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, புத்தகம் வராது என்று பதிப்பாளருக்குக் கடிதமும் எழுதி மேஜைமேல் வைத்தாள். சொன்னால் சொன்னதுதான், லேசில் மாறுகிறவள் இல்லை.

கீழ்வீட்டு நாத்தனார் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏன் அண்ணி, இல்லாத பேய்க்கு எத்தனை பல்லுன்னு தெரியுது. எங்கண்ணனுக்கு முட்டி வீங்கிக் கெடக்கறது தெரியலையா? மூணு மாசமா நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் படி ஏர்றாரு."

அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் வெறுங்கையோடு உட்கார்ந்தாள்.

"முட்டி வலியா?"

"யாரு சொன்னது?"

"உங்க தங்கச்சி."

"அவ வாயில எதுதான் நின்னிருக்கு." அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "வேலையில தெரிஞ்சா குழிக்குள்ள எறங்க விடமாட்டாங்கம்மா. மூலையில உக்கார வெச்சிடுவாங்க."

"அவங்க கெடக்கட்டும். எங்கிட்ட சொல்றதுக்கென்ன? மூணு தடவை கிழிச்சிருக்கேன்."

"நீ இன்னும் பயமா எழுதத்தான் கிழிக்கறேன்னு நெனச்சேன். அந்த மூணாவதுக்கே எனக்குக் கொல நடுங்கிப்போச்சு. காலைத் தூக்கலாம்னா மடங்கல. இப்போ கடிக்கும், இப்போ கடிக்கும்னு அப்படியே உக்காந்திருந்தேன்."

அவள் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, மூன்றாம் தடவை எழுதியதன் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, பசைநாடாவால் ஒட்டினாள். பிறகு தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப்போட்டு, குனிந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் வலிக்காமல் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.