நிமிர முடியாத வணக்கம்

விழுப்புரம் பஸ் திண்டிவனத்தில் நிற்கும்போதுதான் ஜப்பானியப் பேராசிரியர் வீடியோவில் அழைக்கிறார். இறங்கி, அவித்த மல்லாட்டைக் கடலை விற்கும் அக்காவின் குடை நிழலில் நின்று பேசுகிறேன். ஜப்பானிய மொழி முதுகலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிக் குனிகிறேன். அவரும் குனிகிறார். எதிரில் இருப்பவர் குனிந்தால் நாமும் குனிவதுதான் அங்கே மரியாதை. இருவராலும் நிறுத்த முடியவில்லை. பஸ் நகர்கிறது.

“கண்டக்டரே, இருய்யா. பொண்ணு கும்பிட்டுக்கினு இருக்குது,” என்று கத்துகிறார் அக்கா. பிறகு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். “யாரும்மா அது?”

“ஜப்பான் வாத்தியாருக்கா. சீட் குடுத்துட்டாரு.”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்காவும் கும்பிடுகிறார்.

பேராசிரியர் மறுபடி முதலிலிருந்து குனியத் தொடங்குகிறார்.