ஏழு பெயர் எழுதிய தாள்

பொலிஸ்காரர் என் பைலிலிருந்து அந்தத் தாளை உருவியெடுத்தபோது எனக்குப் பயமே வரவில்லை. பாடக் குறிப்புத்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என்னைப் போன்ற முட்டாளை ஆண்டவர் அதற்கு முன்பு கண்டிருக்கமாட்டார்.

சகோதர சகோதரிகளே, இதே கதையை நான் ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள், கை தட்டினார்கள். அன்று நான் பாதியைத்தான் சொன்னேன். மற்றப் பாதியையும் சேர்த்து இன்று சொல்கிறேன். தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள்.

யுத்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் ஏழு பேர் வாடகைக்கு இருந்தோம். ஆறு பேர் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். ஏழாவது ஆள் லோகநாதன். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பையன், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன். அவனுடைய அம்மா கொழுந்து பறித்துத்தான் அவனைக் கம்பசுக்கு அனுப்பினார். அவனும் நானும் கொம்பியூட்டர் பாடத்தில் முதலாம் வருடம்.

கொம்பியூட்டர் படித்தோம் என்றால் கொம்பியூட்டர் வைத்திருந்தோம் என்று நினைக்காதீர்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் லாப்பில் இடம் கிடைக்கும், அதிலும் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஆகவே எழுதிய புரோகிராமைத் தாளிலேயே ஓட்டிப் பார்ப்போம். கொம்பியூட்டர் செய்வதை வரி வரியாக நாங்களே பென்சிலால் செய்வோம், பிழைத்தால் அழித்துவிட்டு மறுபடியும் செய்வோம். இதில் லோகநாதன் விண்ணன். எனக்கு மண்டையில் ஏறாததை எல்லாம் சலிக்காமல் சொல்லித் தருவான்.

ஒருநாள் விரிவுரையாளர் மிஸ் ஒரு பயிற்சி தந்தார். உங்களுக்குத் தெரிந்த ஏழு பேரின் பெயர்களை எடுத்து, தேடுவதற்குச் சுலபமாக ஒரு மரம் போல அடுக்குங்கள் என்றார். முதலில் போடும் பெயர் உச்சியில் நிற்கும். அடுத்து வரும் பெயர் எழுத்து வரிசையில் அதற்கு முந்தியது என்றால் இடப்பக்கம் இறங்கும், பிந்தியது என்றால் வலப்பக்கம். நடுவில் வரும் பெயரை முதலில் போட்டால்தான் மரம் இரண்டு பக்கமும் சமமாக வரும். நான் அறையில் இருந்த ஏழு பேரையும் எழுதினேன். ஆங்கில எழுத்தில் எங்களுக்கு நடுவில் நின்றது L. ஆகவே லோகநாதன் உச்சிக்குப் போனான். அவனுக்குக் கீழே நானும் சிவகுமாரும், எங்களுக்குக் கீழே மற்ற நால்வர். ஒவ்வொரு பெயரையும் பெட்டிக்குள் போட்டு, அம்புக்குறியால் இணைத்தேன்.

லோகநாதன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பார்றா, லயத்துப் பயல ராஜாவாக்கிப்புட்ட."

நகரத்தில் எங்கோ குண்டு வெடித்த மறுநாள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் ஏழு பேரிடமும் சரியாக இருந்தன. விட்டுவிட்டுப் போகும் நேரத்தில்தான் அந்தத் தாள் அவர்களின் கையில் அகப்பட்டது. சந்தேகத்துக்குரிய ஏழு தமிழ்ப் பெயர்கள், பெட்டிகள், அம்புக்குறிகள், உச்சியில் ஒருவன். உள்ளதைச் சொன்னால், நான் பொலிஸ்காரராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நிலையத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கவுத மேகே லொக்கா?"

இதற்குத் தலைவன் யார் என்று கேட்டார். நான் இது பாடம் என்றேன். அடித்தார். எழுத்து வரிசை என்றேன். மறுபடியும் அடித்தார். இந்தப் பாடத்தை விளக்க எனக்கு ஆங்கிலம் போதும், சிங்களம் போதாது. மூன்றாவது அடியில் என் வாய் தானாகத் திறந்தது.

"மேலே இருக்கிறது லோகநாதன், சேர்."

அது பொய்யல்ல. தாளில் உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் எந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். பக்கத்து அறைக்குள் லோகநாதனைக் கொண்டுபோனார்கள். சுவர் மெல்லியது. அன்று பின்னேரம் முழுவதும் அவன் "எனக்குத் தெரியாது சேர், எனக்குத் தெரியாது சேர்" என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. இருட்டுவதற்கு முன் ஒரு ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

நான் ஜெபித்தேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவன். அந்த மூன்று நாளும் ஒரே வசனத்தை வாய் ஓயாமல் சொன்னேன். "ஆண்டவரே, என்னை இங்கேயிருந்து வெளியே கொண்டுபோம்." கூட்டாமல் குறைக்காமல் அதை உங்களிடம் அப்படியே சொல்கிறேன். "எங்களை" என்று நான் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஆங்கிலம் பேசுகிறவர். உண்மையில் இது பாடம் என்றால் இந்த நிலையத்துப் பொலிஸ்காரர்களின் பெயர்களை வைத்துச் செய்து காட்டு என்றார். யார் அறைக்குள் முதலில் வருகிறாரோ அவரின் பெயரை முதலில் எழுதலாமா என்று கேட்டேன். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது, ஆண்டவர் தந்தார் என்றே நம்புகிறேன். முதலில் வந்தவர் தேநீர் கொண்டுவந்த கான்ஸ்டபிள். அவர் உச்சிக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் இறங்கி, அதற்கும் கீழே இறங்கி, கடைசிப் பெட்டிக்குள் போனார். பார்த்ததும் என் செவிட்டில் அறைந்தார்.

"என்னைத் தேத்தண்ணிக்காரனுக்குக் கீழேயா போட்டாய்?"

பெரிய அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பின்னேரம் ஆறு பேரையும் விட்டார்கள். கையெழுத்துப் போடும்போது லோகநாதன் எங்கே என்று கேட்டேன். அவனது பைல் இப்போது தன்னிடம் இல்லை என்றார் அதிகாரி. வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்றும் கேட்டார். மனிதர் கதைக்கக்கூடிய நிலையில் இருந்தார், ஆங்கிலம் விளங்கியது, மரமும் விளங்கியிருந்தது. நான் "நோ, சேர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

வீட்டுச் சொந்தக்கார அன்ரி, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு தம்பி, கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லும்" என்றார். அந்த வெள்ளிக்கிழமையே கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில் எழும்பி நின்றேன். சிங்கத்தின் வாயிலிருந்து தப்பியவன் மாதிரிப் பேசினேன். தேத்தண்ணிக் கான்ஸ்டபிள் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். லோகநாதனின் பெயர் என் சாட்சியில் இல்லை. சொன்னால் கதை முடியாமல் நிற்கும், அதனால் விட்டேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கதவடியில் ஒரு அம்மா நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், ஒரு படம். லோகநாதனின் அம்மா. தோட்டத்திலிருந்து மகனைத் தேடி வந்தவரை, அன்ரிதான் மனம் ஆறட்டும் என்று கூட்டிவந்திருக்கிறார். அந்த அம்மா என் சாட்சி முழுவதையும் பின்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறார்.

"தம்பி, எம் மகன் பேரையும் சொல்லித்தானே சாமிகிட்டக் கேட்டீங்க?"

"ஓம் அம்மா," என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்ப வந்துருவான். ஒங்களுக்குக் கொடுத்த சாமி அவனுக்கும் கொடுக்கும்." அப்படியே அழுதுகொண்டு நன்றி சொன்னார். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு அடியை எந்தப் பொலிஸ்காரரும் எனக்குத் தரவில்லை.

அன்றுதான் நான் முழங்காலில் நின்று அவன் பெயரைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிங்களவர். கேட்டு முடித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதைச் சொல்ல உனக்கு ஒரு கிழமை எடுத்ததா?" பிறகு அலுமாரியைத் திறந்து, அந்தப் பயிற்சிக்கு வகுப்பு முழுவதும் கொடுத்த விடைத்தாள்களை ஒரு கட்டாகக் கட்டினார்.

ஆண்டவர் உடனே கதவைத் திறக்கவில்லை. மிஸ் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, லோகநாதன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று கண்டுபிடித்தார். வழக்கு தவணை தவணையாகப் போனது. மிஸ் ஒவ்வொரு தவணைக்கும் அந்தக் கட்டோடு வந்தார். "புலிக்கு வக்காலத்து வாங்குகிற ரீச்சர்" என்று கம்பசில் சிலர் அவருடைய காது கேட்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு தவணைக்கும் உபவாசம் இருந்தேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அதுதான் குறைந்தபட்சம். இதற்கிடையில் பரீட்சையும் வந்தது. அதே மரத்தைப் பற்றி ஒரு கேள்வி. எனக்கு அந்தப் பாடத்தில் A. எனக்குச் சொல்லித் தந்தவன் சிறையில் இருந்தான்.

அவனைப் பிடித்து ஏழாவது மாதத்தில் நீதவான் அந்தக் கட்டைப் பிரிக்கச் சொன்னார். தாள் தாளாகப் புரட்டினார். எல்லாம் பெட்டிகள், அம்புக்குறிகள். சிங்களப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள், ஒன்றில் ஒரு கிரிக்கெட் அணி, ஒன்றின் உச்சியில் ஒரு மாணவியின் நாய்க்குட்டி. நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர்கள் எல்லோரையும் எப்போது பிடிக்கப் போகிறீர்கள் என்று பொலிசாரைக் கேட்டார். அன்றே லோகநாதனை விட்டார்கள்.

அவன் வெளியே வந்தபோது நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலது காது அவனுக்குக் கேட்காது என்று பிறகுதான் தெரிந்தது. கம்பசுக்கும் திரும்பவில்லை. அம்மாவோடு பஸ் ஏறிப் போனவன் தோட்டத்திலேயே இருந்துவிட்டான்.

இரண்டு வருடம் கழித்து அவனைத் தேடிப் போனேன். லயத்து வாசலில் இருவரும் தேநீர் குடித்தோம். நான் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையும், என் ஜெபத்தில் அவன் பெயர் இல்லாததையும், அவனுடைய அம்மாவிடம் சொன்ன பொய்யையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அம்மாவிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேணாங்க," என்றான். அவன் என்னை மரியாதையாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "ஒங்க ஜெபத்தாலதான் நான் உசுரோட வந்தேன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு. அது சந்தோசமா இருக்கட்டும். அதக் கெடுத்துப்புடாதீங்க."

ஆகவே நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் எனக்கென்று ஒரு கறிக்குழம்பு வைத்து, தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், சகோதரரே, மறுக்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். நான் சாட்சி. எனக்காகக் கேட்டதை மூன்றே நாளில் தந்தார். அவனுக்காகப் பிந்திக் கேட்டேன், அவன் பிந்தி வந்தான். அதற்காகவும் என் தேவனுக்கு நன்றி சொல்லுகிறேன், உயிரோடு தந்தாரே. இப்போது நான் ஜெபிக்கும்போது என் பெயரைக் கடைசியில்தான் சொல்லுகிறேன், சில நாட்களில் அங்குவரை போவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கும் ஒரு இக்கட்டு வரும். பயப்படாமல் கேளுங்கள், நிச்சயம் தருவார். ஆனால் வாயைத் திறக்க முன், பக்கத்து அறையில் யார் கத்துகிறார் என்று கேட்டுவிட்டுத் திறவுங்கள். ஆமென்.