பிரித்துத் தைத்த கவுன்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எட்டு வருஷமாக மிஷினில் தோல் தைக்கிறேன். வீட்டில் மிஷின் கிடையாது. ஆனாலும் மகளின் கிறிஸ்துமஸ் கவுனைக் கையாலேயே தைப்பதென்று ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

துணியில் குண்டூசி குத்தவே எனக்குக் கை வரவில்லை. தோலில் ஊசி இறங்கினால் அந்தத் துளை மூடவே மூடாது. அந்தப் பயத்தில், துணி காயப்போடும் கிளிப்புகளை ஓரமெல்லாம் மாட்டினேன்.

மிஷினில் காலை அழுத்தினால் தையல் ஓடிவிடும். இங்கே ஒவ்வொரு தையலும் நான் போட்டால்தான் உண்டு. ஆனால் என்ன குஷி! அந்தக் குஷியில் கவுனின் ஒரு கையை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்துவிட்டேன்.

"கவுனே போச்சுங்க!" என்று கத்தினேன். கம்பெனியில் இப்படித் தப்பாகத் தைத்தால் அந்தத் தோல் நேராகக் குப்பைக்குத்தான்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இப்படிக் கத்துற? பிரிச்சிட்டுத் தை."

"ஓட்டை தெரியுமேங்க!"

"இது துணிம்மா."

நூலை உருவினேன். நகத்தால் தேய்த்தேன். ஒரு துளைகூட இல்லை! "வந்து பாருங்க, வந்து பாருங்க" என்று வீட்டையே கூட்டிவிட்டேன்.

கையைச் சரியாகத் தைத்து முடித்ததும், கவுனின் கீழ் ஓரத்தில் வேண்டுமென்றே கோணல்மாணலாக ஒரு வரி ஓட்டினேன்.

"அம்மா!" என்று மகள் அலறினாள்.

சிரித்துக்கொண்டே பிரித்தேன். இந்த எட்டு வருஷத்தில் நான் பயமில்லாமல் தைத்த ஒரே வரி அதுதான்.