இம்தியாஸ் போட்ட லெதர் கவர்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயிறு எரிந்தது. காரணம் — ஒரு லெதர் கவர்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தி பையன் மூலமாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். கைக்குள் அடங்கும். லினக்ஸில் ஓடுகிறது. இதைச் செய்த கம்பெனி, 'உள்ளே இருப்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டது. எங்கெங்கோ இருக்கும் கேம் பைத்தியங்கள் மெனக்கெட்டு, அந்தக் கால டிவி கேம்களை இதில் ஓடவைக்கும் புரோகிராம் எழுதி, இன்டர்நெட்டில் சும்மா போடுகிறார்கள். பிரவுசிங் சென்டரில் இறக்கி மெமரி கார்டில் ஏற்ற வேண்டியதுதான்.

இந்த வயதில் இது எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

காலேஜ் நாட்களில் நானும் இம்தியாஸும் டிவி கேமில் ஒரு விமான ஆட்டத்தின் மேல் வெறியாக இருந்தோம். கடைசி ஸ்டேஜில் ஒரு பூதம் வருமாம். வருமாம்தான்... பார்த்ததில்லை. நெருங்கும்போதெல்லாம் கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து! இந்தப் பெட்டியிலோ, விட்ட இடத்தை சேவ் செய்துகொள்ளலாம். பூதத்தின் வாசல் வரை போய் சேவ் செய்துவிட்டு இம்தியாஸுக்கு போன் போட்டேன். அவனை விட்டுவிட்டுப் பார்ப்பது நியாயமா?

வந்தான். ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்ஷன் ஆள் அவன். பெட்டியைப் பார்த்ததும் பூதத்தை மறந்துவிட்டான்.

"இன்னாடா இது, இவ்ளோ ஆசையா வாங்கிட்டு அம்மணமா வச்சிருக்கே? குடு, கவர் போட்டுத் தர்றேன்."

தோல் தொழிலில் ஊறிய எங்கள் ஆம்பூரின் வியாதி இது. டிவி ரிமோட், ஸ்கூட்டர் சாவி, மாமனாரின் பல்செட் டப்பா — எதுவும் தோல் போர்த்தாமல் இருக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து, போன ஞாயிறு கொண்டுவந்தான். குறை சொல்ல முடியாத வேலை. ஸ்கிரீனுக்கு ஜன்னல், ஒவ்வொரு பட்டனுக்கும் ஓட்டை, ஓரமெல்லாம் பொடித் தையல். சொல்யூஷன் தடவி ஒட்டியும் இருந்தான். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து ஆன் செய்தோம். சிவப்பு லைட் எரிந்தது. பூதம் வருமுன்னே பெட்டி அணைந்துவிட்டது.

"பேட்டரி எப்படிடா மாத்துறது?"

"எதுக்கு மாத்தணும்? சார்ஜ் போடு. இதோ, சார்ஜருக்கு ஓட்டை வுட்டிருக்கேன் பாரு."

"அது ஹெட்போன் ஓட்டைடா! இதுக்கு ரெண்டு பென்சில் செல். பின்னாடி மூடியத் தொறந்துதான் போடணும்."

பின்னாடி? முதுகு முழுக்க ஒரே தோல்.

இம்தியாஸ் பையிலிருந்து கத்தியை எடுத்துத் தையலின் மேல் வைத்தான். கை நகரவில்லை. துணி மாதிரியா? தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான். பிரித்தால் வடு நிற்கும்.

"ஒரு தையல்கூட பிசகலடா..." என்றான், என் பக்கம் திரும்பாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்து, வாசல் வரை வந்து! ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"விடுடா, பேஜார் பண்ணாதே. கத்திய உள்ள வை" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது பெட்டி ஷோகேஸில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, மோந்து பார்த்து, "நல்ல சரக்கு. எந்த டேனரித் தோல்?" என்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பூதம் இருக்கிறது சார். அப்போது அதை எங்களிடமிருந்து கரண்ட் கட் காப்பாற்றியது — இப்போது அசல் மாட்டுத் தோல்!